ராஜாவுக்குப் புத்தி வந்த கதை

முன்னொரு காலத்தில் தாழையூர்ச் சீமையை விருதராயன் என்ற ராஜா ஆண்டு வந்தான். நல்ல மனுஷன், மூளைதான் கொஞ்சம் மந்தம். தினமும் சபையில் ஒரு வேடிக்கைக் கதை சொல்லாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே சிரிப்பு வந்துவிடும், பாதிக் கதை வாய்க்குள்ளேயே போய்விடும். அந்த வம்சத்து ராஜாக்கள் எல்லாருமே அப்படித்தான். அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சிம்மாசனத்துக்குப் பின்னால் ஒருவன் சின்ன முரசோடு நிற்பான். கதை முடிந்ததும் ‘டம்’ என்று ஒரு தட்டு தட்டுவான். உடனே சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

ஒரு சமயம் மலைநாட்டு வைத்தியர் ஒருவர் வந்து ராஜாவுக்கு வல்லாரை லேகியம் கொடுத்தார். நெல்லிக்காய் அளவு சாப்பிடச் சொன்னார். இவன் ஜாடியையே வழித்துத் தின்றான். என்ன மருந்தோ, உண்மையிலேயே வேலை செய்தது. கொஞ்ச நாளில் ராஜாவின் மூளை தீட்டின கத்தியாகிவிட்டது.

புத்தி வந்ததும் அவன் கண்ணில் முதலில் பட்டது முரசுதான். ஒருநாள் கதை எதுவும் சொல்லாமலே முரசுக்காரனுக்குக் கண் ஜாடை காட்டினான். ‘டம்’. சபை குலுங்கிச் சிரித்தது. சேனாதிபதி கண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

“எதற்குச் சிரித்தீர்கள்?”

“தங்கள் கதைக்குத்தான், மகாராஜா!”

“நான் இன்னும் வாயே திறக்கவில்லையே!”

பாவம், ராஜாவுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் தன்னைப் பெரிய வேடிக்கைக்காரன் என்று நினைத்திருந்தவன் அல்லவா? அழுகை போனதும் கோபம் வந்தது. கோபம் போனதும் கர்வம் வந்தது. அது மட்டும் போகவில்லை. கூட வேட்டைக்கு வந்த சிநேகிதர்களை ‘மடையர்கள்’ என்று விரட்டினான். சாப்பிட உட்கார்ந்தால் ராணி செண்பகவல்லியின் பேச்சில் குற்றம் கண்டுபிடித்தான். அவளும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

அந்தச் சபையில் சபேச பண்டிதர் என்று ஒருவர் இருந்தார். மந்திரி கார்மேகனாரின் ஆசனத்தின் மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். காலம் மாறியதை முதலில் மோப்பம் பிடித்தவர் அவர்தான். ராஜா எதைச் சொன்னாலும் கண்ணை மூடி, நெஞ்சில் கைவைத்து, “ஆஹா, என்ன ஆழம்!” என்பார். சபைக்கும் அது பிடித்துப்போயிற்று. சிரிப்பதைவிடக் கண்ணை மூடுவது சுலபம், தூங்கவும் செய்யலாம்.

“மகாராஜா, உங்கள் பழைய கதைகளுக்கு ராணியாரும் சிரித்தவர்தானே?” என்று பண்டிதர் ராஜாவின் காதைக் கடித்தார். “மந்திரியோ தம் யோசனையை உங்கள் வாயில் வைத்தே இத்தனை காலம் நாட்டை ஓட்டிவிட்டார். இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு இன்னும் ஏமாறலாமா?”

ராணியைத் தாய்வீட்டுக்கு அனுப்பப் பல்லக்குக்கு உத்தரவாயிற்று. மந்திரிக்கு நாடு கடத்தல்.

“போகிறேன், மகாராஜா. ஆனால் நீங்கள் இன்னமும் ஏமாந்துகொண்டுதான் இருக்கிறீர்கள்” என்றார் மந்திரி.

“நானா? நாளைச் சபையில் அதை நிரூபியும். நிரூபித்தால் இரண்டு பேரும் இருக்கலாம்.”

மறுநாள் சபை கூடியதும் மந்திரி ராஜாவின் காதில் ஏதோ சொன்னார். ராஜா முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு அதை அப்படியே முழங்கினான்.

“வெண்டைக்காய்க்குக் கிழக்கு தெரியும். ஆனால் சொல்லாது.”

சபை மொத்தமும் கண்ணை மூடியது. பண்டிதர் எழுந்தார்.

“ஆஹா! வெண்டைக்காய் என்பது ஜீவன். கிழக்கு என்பது ஞானம். ‘சொல்லாது’ என்றாரே, அங்கேதான் மகாராஜா நிற்கிறார்!”

சேனாதிபதி இப்போதும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. விடைபெற வந்திருந்த ராணிதான் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“தேவி, ஏன் சிரிக்கிறாய்?”

“பின்னே அழுவதா? வெண்டைக்காய்க்கு ஏது கிழக்கு?”

“மகாராஜா,” என்றார் மந்திரி, “முரசுச் சத்தம் அந்தப்புரம் வரை கேட்காது. அங்கே நீங்கள் கதை சொன்னபோதெல்லாம் ராணியார் இத்தனை வருஷம் எதைக் கேட்டுச் சிரித்தார்?”

ராஜா ராணியைப் பார்த்தான். “அப்படியானால் என் கதைகள் நன்றாக இருந்தனவா?”

“ஒன்றுகூட இல்லை. முடிப்பதற்குள் நீங்கள் சிரிப்பீர்களே, அதைப் பார்த்துத்தான் சிரிப்பேன்.”

ராஜாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. “முன்பு சிரித்து ஏமாற்றினார்கள், இப்போது கண்ணை மூடி ஏமாற்றுகிறார்கள். முதலாவது தெரிந்த எனக்கு இரண்டாவது தெரியவில்லையே! லேகியம் தின்றது வீண்” என்றான். பிறகு பண்டிதரிடம் திரும்பினான். “பண்டிதரே, அரண்மனைத் தோட்டத்தில் வெண்டைச்செடி இருக்கிறது. பக்கத்திலேயே உட்காரும். அது என்றைக்குக் கிழக்கைச் சொல்கிறதோ, அன்றைக்குச் சபைக்கு வந்தால் போதும்.”

சபை கண்ணைத் திறந்துகொண்டது.

“பல்லக்கைத் திருப்பி அனுப்புங்கள்” என்றான் ராஜா.

“வேண்டாம்” என்றாள் ராணி. “நீங்கள் அனுப்பாவிட்டாலும் நான் போகத்தான் போகிறேன். புத்தி வந்த நாளிலிருந்து ‘சாப்பிட்டாயா’ என்று என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?”

“அதற்குக் காரணம் இருக்கிறது, தேவி. முதலாவதாக...”

“பாருங்கள், இப்போதும் வாதம்தான்!” ராணி விறுவிறுவென்று போய்ப் பல்லக்கில் ஏறிவிட்டாள்.

ராஜா பின்னாலேயே ஓடிப்போய்ப் பல்லக்குக்குள் தானும் நுழைந்தான். தூக்குகிறவர்கள் முனகினார்கள்.

“கொஞ்சம் நகர்ந்து உட்கார்.”

“நீங்கள் எங்கே வருகிறீர்கள்?”

“மாமியார் வீட்டுக்கு.”

“அப்புறம் நாட்டை யார் பார்ப்பது?”

“இத்தனை நாள் பார்த்த கார்மேகனார்தான். அது தெரிகிற அளவுக்குத்தான் எனக்குப் புத்தி வந்திருக்கிறது. அது கிடக்கட்டும், நீ சாப்பிட்டாயா?”