உட்கார்ந்தபடி ஒரு இன்டர்வியூ

இந்தக் கதையில் சிரிப்பு உண்டு. நிச்சயம் உண்டு. ஆனால் அது கையில் வடைப் பொட்டலத்தோடு மாடிப்படி ஏறி, மெதுவாகத்தான் வரும். அதுவரை கலியபெருமாளோடு கொஞ்சம் நின்றுகொண்டிருங்கள். அவரும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்.

கரூரில் பஸ்ஸுக்குக் கூடு, அதாவது பாடி, கட்டும் பட்டறை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தவர். பட்டறையை மூடிவிட்டார்கள். வேலை தேடுகிறவர்களைப் பேசப் பழக்கி அனுப்பும் பெர்னதெத்திடம் வந்து சேர்ந்தார். மருந்துக்கடை மாடியில் ஒரே ஒரு அறை, ஒரு பால்கனி. குருவுக்கு முப்பத்தொரு வயது. சீடருக்கு ஐம்பத்திரண்டு.

"வண்டி வேலை அத்தனையும் தெரியும் டீச்சர்" என்றார் சீடர். "போன்ல முதலாளி குரலைக் கேட்டா மட்டும் எந்திரிச்சு நின்னுடறேன். எதைக் கேட்டாலும் 'சரி சார்'னு வந்துடுது. இது எப்பப் போகும்?"

பெர்னதெத் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

கலியபெருமாளின் போன் அடித்தது. கட்டைக் குரல்.

"யாருப்பா, கலியபெருமாளா? எம்.டி. பேசறேன். நம்ம கம்பெனியில லீவு கிடையாது. சம்மதமா?"

"சரி சார்."

"சம்பளம் தீபாவளிக்குத் தீபாவளி."

"சரி சார்."

"மத்தியானம் சாப்பாட்டுக்குப் பதிலா மோர்."

"சரி சார்" என்ற பிறகுதான், அதே குரல் கதவுக்குப் பின்னாலும் கேட்பது அவருக்கு உறைத்தது. அட்டென்ஷனில் நின்றுகொண்டிருந்தார்.

சொன்னேனே, அந்தச் சிரிப்பு இது இல்லை. இது வெறும் அட்வான்ஸ்.

பெர்னதெத் கதவைத் திறந்தார். "கூப்பிட்டுக்கிட்டே இருப்பேண்ணே. நீங்க உட்கார்ந்த இடத்துல இருந்து 'முடியாது'ன்னு சொல்ற வரைக்கும் விட மாட்டேன்."

விடவும் இல்லை. மூக்கால் பேசும் மேனேஜராக வந்தார். கொட்டாவிக்கு நடுவே கேள்வி கேட்கும் டைரக்டராக வந்தார். ஐம்பத்திரண்டு வயதுக்காரரை 'தம்பி' என்று கூப்பிடும் ஹெச்.ஆராக வந்தார். யார் யார் போனையோ வாங்கிக் கூப்பிட்டார். கலியபெருமாள் சலூனில் பாதி மீசையோடு எழுந்து நின்றார். சந்தையில் முருங்கைக்காயைக் கீழே போட்டுவிட்டு நின்றார். ஒவ்வொரு முறையும் 'சரி சார்'. ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் போனை வைக்கிற சத்தம். மறுநாள் மறுபடி.

அவரும் விடவில்லை. பஸ்ஸில், கோயிலில், குளியலறையில் 'முடியாது, முடியாது' என்று முணுமுணுத்தபடி திரிந்தார். எதையோ வேண்டாமென்கிறார் என்று நினைத்து வீட்டில் தோசையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஓசூரில் ஆம்புலன்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறைக்கு விண்ணப்பம் போயிருந்தது. பதில் இல்லை. அவருக்குத் தெரிந்த வேலையில் பாக்கி இருந்தது அந்த ஒரு இடம்தான். இன்னொரு பக்கம் மச்சினன் தன் கல்யாண மண்டபத்துக்கு வாட்ச்மேனாகக் கூப்பிட்டான். "ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க மாமா, இல்லைன்னா வேற ஆளைப் போட்டுருவேன்."

"சரின்னுட்டீங்களா?" என்று கேட்டார் பெர்னதெத்.

"நாக்கு நுனியில நிக்குது டீச்சர்."

"அங்கேயே நிக்கட்டும்."

சனிக்கிழமை சாயங்காலம், "வடை வாங்கிட்டு வரேன்" என்று பெர்னதெத் கீழே இறங்கினார். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

கலியபெருமாள் தனக்குள் சிரித்துக்கொண்டார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். இரண்டு காலையும் தூக்கி எதிரே இருந்த ஸ்டூலில் போட்டார்.

"கலியபெருமாளா? ஓசூர்ல இருந்து ரங்கதுரை. ஆம்புலன்ஸ் பட்டறை ஓனர்." குரல் கரகரத்தது.

"பிரமாதம்! ஓனருக்குச் சளி வேற பிடிச்சிருக்கா? நடத்துங்க, நடத்துங்க."

"ஆமா, சளிதான்..." என்று இருமியது குரல்.

"இருமல்தான் கொஞ்சம் ஓவர். குறைச்சுக்கலாம்."

அந்தப் பக்கம் மூக்கைச் சிந்துகிற சத்தம்.

"இத்தனை மாசமா ஏன் சும்மா இருக்கீங்க?"

"பட்டறையை மூடிட்டாங்க. நானா பூட்டுப் போட்டேன்?"

"சரிதான். மாசக் கடைசி, டெலிவரி அவசரம்னு வைங்க. தண்ணி டெஸ்ட்டை விட்டுட்டு வண்டியை அனுப்புன்னு சொல்லுவேன். அனுப்புவீங்கல்ல?"

புது வண்டியின் கூரைமேல் தண்ணீரைப் பீய்ச்சி, உள்ளே ஒழுகுகிறதா என்று பார்ப்பார்களே, அந்த டெஸ்ட். நாக்கு நுனிக்கு 'சரி' வந்துவிட்டது. டீச்சர்தானே என்று அதை விழுங்கினார்.

"முடியாது."

"ஓனர் நான் சொல்றேன்யா."

"யார் சொன்னாலும் முடியாது. பழைய இடத்துல இப்படித்தான் தலையாட்டினேன். முதல் மழைக்கே பஸ்ஸுக்குள்ள ஜனம் குடை பிடிச்சு உட்கார்ந்துச்சு. இது ஆம்புலன்ஸ். படுத்திருக்கிறவர் எந்தக் கையில குடை பிடிப்பார்?"

இதை எந்த ஒத்திகையிலும் அவர் சொன்னதில்லை.

"லேட்டானா கஸ்டமர் என்னைத் திட்டுவானே?"

"போனை என்கிட்டக் குடுங்க. என்னைத் திட்டட்டும். உட்கார்ந்தே கேட்டுக்கறேன்."

காதில் இருமல். நீளமான இருமல்.

அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம். பெர்னதெத் உள்ளே வந்தார். ஒரு கையில் பொட்டலம், இன்னொரு கையில் பாதி வடை, மீதிப் பாதி வாயில்.

காதில் குரல் நிற்கவில்லை. "திங்கட்கிழமை வந்து சேருங்க. தண்ணி டெஸ்ட் உங்க பொறுப்பு. நீங்க சரின்னு சொல்லாம ஒரு வண்டியும் கேட்டைத் தாண்டாது."

கலியபெருமாள் டீச்சரின் வாயைப் பார்த்தார். மென்றுகொண்டிருந்தது. போனைப் பார்த்தார். மறுபடி வாயைப் பார்த்தார். ஸ்டூலிலிருந்து ஒரு கால் இறங்கியது. பிறகு இன்னொன்று. எழப் போனவரை, பெர்னதெத் எண்ணெய்க் கையாலேயே தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

கலியபெருமாள் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"டீச்சர்... இவ்வளவு நேரம் பேசினது நீங்க இல்லையா?"

பெர்னதெத் வடையை விழுங்கினார்.

"இல்லண்ணே. நீங்க."