மொச்சை முளையின் அடிப்பக்கம்

செடிகொடிகளுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், முளைகளுக்கு வளையத் தெரியாது. எந்தப் பக்கம் பார்த்து முளைத்தனவோ அந்தப் பக்கமே நீண்டன. உச்சியில் இருக்கும் குருத்து தினமும் வளர்ச்சிச் சாறு இறக்கும். தண்டின் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே அளவு. அதுதான் நியாயம் என்று குருத்துக்கு ஏகப்பட்ட பெருமை.

மாடத்தி என்பவள் ஊர்த் திருவிழாவுக்கு முளைப்பாரி போட்டிருந்தாள். இருட்டறையில் பயறு வகைகள் விதைத்த ஐந்து சட்டிகள். நாலாம் நாள் அவள் வளர்த்த பூனை ஒரு சட்டியை உருட்டிவிட்டது. அதிலிருந்த மற்ற முளைகள் நசுங்கிப்போக, ஒரு மொச்சை மட்டும் படுத்த படுக்கையாகக் கிடந்தது. அதன் வேர்நுனி மண்ணை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு காயத் தொடங்கியது.

தண்ணீர் தெளிக்க வந்த மாடத்தி, "சாஞ்ச முளை சாமிக்கு ஆகாது" என்று சட்டியை விளக்குமாற்றால் மூலைக்கு ஒதுக்கினாள்.

"நானா சாஞ்சேன்? உங்க பூனை தள்ளுனதுக்கு எனக்குத் தண்டனையா ஆத்தா?" என்றது மொச்சை.

"வாயைப் பாரு! மிச்சம் நாலு சட்டி நல்லாத்தான் இருக்கு" என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். நிமிர்த்தி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு விரல் போதாதா?

மூலைக்கு மேலே சுவரில் ஓர் ஓட்டை இருந்தது. அது வழியாக வந்த வெயில் தண்டின் மேல்பக்கத்தில் விழுந்தது. மேல்பக்கம் சுகமாகக் குளிர்காய்ந்தது. அடிப்பக்கம் ஈர மண்ணில் பாரம் தாங்கிக் கிடந்தது. அன்றும் குருத்து சாற்றைச் சரிபாதியாகத்தான் பிரித்தது.

அடிப்பக்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வெயில் காயுறவனுக்கும் அதே பங்கு, பாரம் சுமக்குற எனக்கும் அதே பங்கா? இதை நியாயம்னு உனக்கு எவன் சொன்னது? இன்னைக்கு நிமிரலைன்னா எல்லாரும் சேந்து காயப்போறோம். அம்புட்டையும் இங்க இறக்கு!"

குருத்து பதில் தேடுவதற்குள் அடிப்பக்கம் சாற்றைத் தன் பக்கம் இழுத்து வயிறு முட்டக் குடித்தது. அதன் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத சிற்றறைகள் ஒவ்வொன்றும் விம்மி நீண்டன. மேல்பக்கம் நீளாமல் நின்றது. தண்டு மெல்ல வளைந்து வெயிலைப் பார்த்து நிமிர்ந்தது.

மீதிச் சாறு வேருக்கு இறங்கியது. வேர்நுனியின் அறைகளுக்குள் குட்டிக் குட்டி மாவுமணிகள் குடியிருந்தன. சட்டி சாய்ந்தபோது அவையும் உருண்டு அடிப்புறத்தில் குவிந்து, "கீழே இதுதான், கீழே இதுதான்!" என்று கத்திக்கொண்டிருந்தன. சாறும் அங்கேயே போய்ச் சேர்ந்தது. வேருக்கோ அந்தச் சாறு கூடினால் வளர்ச்சி முடங்கும். அடிப்புறம் முடங்க, மேற்புறம் நீள, நுனி குனிந்து மண்ணுக்குள் புகுந்தது. மொச்சை பிழைத்தது.

பத்தாம் நாள் முளைப்பாரி எடுக்க வந்த மாடத்தி, மூலையில் நிமிர்ந்து நின்ற மொச்சையைப் பார்த்துவிட்டு, "பாத்தீகளா என் கைராசியை!" என்று ஊரைக் கூட்டினாள்.

வந்தவர்கள், "வெயில்தான் தூக்கி விட்டுருக்கு" என்றார்கள்.

"ஆமா, வெயில் என்னையத்தான் பாத்துச்சு" என்று மேல்பக்கம் இளித்தது. அடிப்பக்கத்தை ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

முளைகள் வளைவது அன்றைக்குத் தொடங்கியதுதான். ஜன்னலோரச் செடி வெளிச்சத்தைத் தேடி வளைகிறது என்று ஆசை ஆசையாகச் சொல்கிறோமே, அதை வளைத்துத் தள்ளுவது இன்றுவரை வெளிச்சம் படாத அந்தப் பக்கம்தான்.