ஒட்டாமல் நிற்கும் குச்சி

“ஆசான், நான் எந்தப் பக்கத்து ஆள்?” என்று கேட்டார் வயலின் வித்துவான் பேச்சிமுத்து.

வயலின்களுக்கு வைத்தியம் பார்க்கிற ரெபேக்காள் அவரைவிட இருபது வயது இளையவள். ஆனாலும் அவருக்கு அவள் ஆசான்தான்.

ஆற்றுப் பனி கடைக்குள் நுழைந்து, தொங்கிய வயலின்களுக்கு நடுவே மிதந்துகொண்டிருந்தது.

“என்ன வந்துட்டு அண்ணாச்சி?”

“சபாவுல தனிக் கச்சேரி தாராங்களாம். கோயில் கொடை விழாவுல வில்லுப்பாட்டுக்கு வாசிக்கிறத விட்டுரணுமாம். இன்னைக்குள்ள பதில் சொல்லணும்.”

“விட்டுருங்களேன்.”

“முப்பது வருசமா சபா நோட்டீசுல என் பேரை பி. முத்துன்னு போடுற பயலுவ. பேச்சின்னு ஊர்ச்சாமி பேரை அச்சடிச்சா பேப்பர் கிழிஞ்சிருமோ?”

“அப்போ சபாவை விடுங்க.”

“வில்லுக்காரன் மட்டும் யோக்கியமா? நான் மேடை ஏறுனாலே, ‘பாகவதர் வாராரு, எல்லாரும் செருப்பைக் கழட்டுங்க’ங்கான். இருபது வருசமா இதே கேலி.”

“சரி, வயலினுக்கு என்ன?”

“குரல் செத்துப்போச்சு.”

ரெபேக்காள் வயலினின் துளை வழியே உள்ளே பார்த்தாள். மேல் பலகைக்கும் அடிப் பலகைக்கும் நடுவே ஒரு சின்னக் குச்சி நின்றது.

“இதுல பசை வச்சது யாரு?”

“நான்தான். கொடைக்கு வேன்ல போகயில குலுங்கி விழுந்துருது. ஒரு இடத்துல உறுதியா நிக்கட்டும்னு அடிப் பலகையோட ஒட்டிட்டேன்.”

அவள் தந்திகளைத் தளர்த்தினாள். வளைந்த கம்பியை உள்ளே விட்டுக் குச்சியைப் பெயர்த்து எடுத்தாள். பசையைச் சுரண்டினாள். மறுபடியும் உள்ளே நிறுத்தி, தந்திகளை முறுக்கினாள்.

“வாசிங்க.”

பேச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டு பைரவியில் தொடங்கினார். அது எந்த இடத்தில் வில்லுப்பாட்டில் சுடலைமாடனை அழைக்கிற மெட்டாக மாறியது என்று அவருக்கே தெரியவில்லை. தொங்கிய வயலின்கள் யாரும் தொடாமலே முனகின. பனி கூட அசையாமல் நின்றது போலிருந்தது.

வயலின் வில்லைத் தந்தியிலிருந்து எடுத்த பிறகுதான் குச்சி விழுந்துவிடுமோ என்று பயம் வந்தது.

“ஆசான், குச்சி இப்போ எந்தப் பலகையில ஒட்டியிருக்கு?”

“எதுலயும் இல்ல.”

“பிறகு எப்படி நிக்கி?”

“ரெண்டும் நெருக்குது. நிக்கி.”

பேச்சிமுத்து குனிந்து துளை வழியே அந்தக் குச்சியைப் பார்த்தார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து சபா அனுப்பிய கடிதத்தை எடுத்தார். ‘பி. முத்து’வை அடித்துவிட்டு முழுப்பெயரை எழுதினார். கீழே ஒரே வரி: ‘கச்சேரிக்கு வருவேன், கொடைக்கும் போவேன்.’

“வில்லுக்காரன் திரும்பவும் பாகவதர்ம்பானே அண்ணாச்சி?”

“சொல்லட்டும். செருப்பைக் கழட்டிட்டானான்னு பாத்துட்டுத்தான் வாசிப்பேன்.”