ஓயாத மீட்டர்

குமரிக் கடலோரச் சிற்றூரில் பிறந்தவரும், தமது மீன்பிடி வள்ளத்தைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்னை வந்து சேர்ந்தவருமான திருவாளர் சூசையடிமைக்கு அப்போது முப்பத்தொன்பது வயது நிறைந்திருந்தது.

மருத்துவமனை ஒன்றில் கதிரியக்கப் பாதுகாப்புப் பணிக்கு அவர் பயிற்சி பெற்றுவந்தார். பயிற்றுவித்த மேகலா அம்மையார் அவரைவிட ஆறு வயது இளையவர், சொற்சிக்கனம் மிக்கவர்.

ஒரு காலையில் சூசையடிமை அவர்முன் வந்து நின்றார்.

"மேடம், எனக்கு மட்டும் மீட்டர் ஓய மாட்டேங்குது."

பயிற்சிக் கூடத்து மேசைகள் சிலவற்றில் கதிரியக்க மருந்தின் துளி இருக்கும், சிலவற்றில் இராது. துளியுள்ள இடத்தில், கதிரியக்கத்தை அளக்கும் மீட்டர் படபடவென்று ஒலிக்கும். எது அழுக்கு, எது சுத்தம் என்று பயில்வோர் பிரித்துச் சொல்ல வேண்டும்.

சூசையடிமையோ எல்லா மேசைகளையும் அழுக்கென்றே சொல்லிவந்தார். மீட்டரை மாற்றிப் பார்த்தார், மேசையைத் தேய்த்துக் கழுவினார், ஒலி குறையவில்லை. இவரை விட்டால் ஆஸ்பத்திரிக்கே பூட்டுப் போட்டுவிடுவார் என்று உடன் பயின்ற தாசப்பன் கேலி பேசினான்.

இரண்டு தேர்வுகளில் தவறியாயிற்று. அன்று மூன்றாவது. அதிலும் தவறினால் வெளியேற வேண்டியதுதான்.

"வெளியேறினா எங்க போவீங்க?"

"ஊருக்குத்தான். ஆனா பிலோமினா இல்லாத வீட்டுல எப்படி இருக்கிறது மேடம்? அதுக்குப் பயந்துதானே இங்க வந்தேன்."

பிலோமினாள் அவருடைய மனைவி. முந்தைய ஆண்டு காலமானவர்.

அம்மையார் மீட்டரை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"மேசையை அளங்க" என்றார்.

சூசையடிமை, தொலைந்த தோட்டைத் தேடுபவரைப்போல் மேசைமீது தாழக் குனிந்தார். மீட்டர் ஒலித்தது.

அம்மையார் அதை வாங்கினார். மேசையிலிருந்து உயர்த்தி, சூசையடிமையின் சட்டைப்பைக்கு நேரே பிடித்தார்.

தகரக் கூரையில் மழை விழுந்தாற்போல் அது இரைந்தது.

"பையில என்ன?"

அவர் ஒரு சிறு துணிமுடிச்சை வெளியே எடுத்தார். அவிழ்க்கவில்லை.

"எங்க ஊர்க் கறுப்பு மண்ணு. அவளை அடக்கின அன்னைக்கு, குழி ஓரத்துல அள்ளினது."

அந்தக் கடற்கரையின் கறுமணலில் இயற்கையாகவே கதிரியக்கம் உண்டென்பது, அவர் முதல் வாரத்திலேயே பாடமாகப் படித்ததுதான்.

அருகில் நின்ற தாசப்பன் தலைகுனிந்தான்.

"கொட்டிரட்டுமா மேடம்?"

"கொட்டச் சொன்னேனா?"

அம்மையார் முடிச்சை இரு கைகளாலும் வாங்கிச் சென்று, தாழ்வாரத்தின் கோடிச் சன்னலில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"போகும்போது எடுத்துக்கோங்க. இப்ப அளங்க."

சூசையடிமை அளந்தார். படபடப்பு அடங்கியிருந்தது. எனினும் ஓர் ஒலி. சற்றுப் பொறுத்துப் பின்னும் ஓர் ஒலி.

"இன்னும் கேக்குதே மேடம். எப்ப நிக்கும்?"

"நிக்காது. ஒண்ணுமே இல்லாத அறையிலயும் இவ்வளவு கேக்கும். அதைக் கழிச்சுட்டு எழுதுங்க."

அவர் நெடுநேரம் அவ்வொலியைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

பிறகு, 'சுத்தம்' என்று எழுதினார்.

அது இரண்டாயிரத்துப் பதினேழாம் ஆண்டு, நவம்பர்த் திங்கள் இரண்டாம் நாள், வியாழக்கிழமை; இறந்தோரை நினைவுகூரும் கல்லறைத் திருநாள்.