பூசி மறைச்ச மூணு மாடம்

நிறுத்துங்க பெரியவரே, கொஞ்சம் நிறுத்துங்க. பணியாரக்காரி கரண்டியால செவுத்தைச் சுரண்டினா, அதனாலதான் பவளாயி வீடு போச்சுன்னு இது மூணாவது தடவையா சொல்றீங்க. மூணு தடவை சொன்னா பொய் உண்மையாயிடுமா? குடித்தனக்காரங்களை உள்ள விட்டாலே வீடு உருப்படாதாம்! நல்லா இருக்கே. கதையை நீங்க வாலைப் பிடிச்சு இழுத்தீங்க. இப்போ தலையிலேர்ந்து கேளுங்க. கேட்டுட்டு அப்புறம் வாயைத் திறங்க.

குழந்தைங்களா, நீங்களும் கிட்ட வாங்க.

ரொம்ப ரொம்பக் காலம் முன்னாடி, அப்போ ஆண்ட ராஜா பேரு இப்போ யாருக்கும் ஞாபகம் இல்லாத ஒரு காலத்துல, கீழைப்பேட்டைன்னு ஒரு சந்தை ஊரு. அந்த ஊர்ல பவளாயின்னு ஒருத்தி. புருஷன் இல்ல, புள்ளை இல்ல, ஒரு வீடு மட்டும் உண்டு. முன்பக்கத்து அறையில அவ இருந்தா. பின்னாடி வரிசையா மூணு அறை, மூணையும் வாடகைக்கு விட்டிருந்தா. அந்த வாடகைதான் அவளுக்குக் கஞ்சி.

மூணு அறையும் ஒரே செவுத்துல சாஞ்சு நின்னுச்சு. முன்னறையையும் சேர்த்து வீட்டுக் கூரையோட உத்தரம் மொத்தமும் அந்தச் செவுத்து மேலதான். செவுத்துக்கு அந்தாண்ட மிளகு வியாபாரி மருதையப்பனோட பெரிய வீடு.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். ரெண்டு வீட்டுக்கு நடுவுல செவுரு இருந்தா, விளக்கு வைக்கற மாடம் எந்தப் பக்கம் இருக்கோ, செவுரு அந்தப் பக்கத்து வீட்டுக்குச் சொந்தம். ஓலையும் வேணாம், முத்திரையும் வேணாம். மாடமே பத்திரம். பவளாயி பக்கம் மூணு அறைக்கும் மூணு மாடம் இருந்துச்சு. மருதையப்பன் பக்கம் வழுவழுன்னு வெறும் செவுரு.

மருதையப்பனுக்கு ஒரு மிளகுக் கிடங்கு கட்டணும். இடம் பத்தல. கண்ணு செவுத்துக்கு இந்தாண்ட விழுந்துச்சு.

ஒரு நாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோட வந்தார். "தங்கச்சி, சௌக்கியமா? உன்கிட்ட சொல்லவே கூச்சமா இருக்கு. முதல் அறையில கொம்புச் சீப்பு அறுக்கறானே செங்கோடன், அந்தச் சத்தம் என் காதைத் துளைக்குது. அவன் கெடக்கான், கூலிக்காரன். நாம வீட்டுக்காரங்க. நாமதானே ஒருத்தருக்கொருத்தர் பார்த்துக்கணும்?"

நாம. அந்த ஒரு வார்த்தைதான் பவளாயிக்கு வெல்லப்பாகு மாதிரி உள்ள இறங்குச்சு. தெருவுல அவளை இதுவரைக்கும் யாரும் அந்த "நாம"ல சேர்த்ததே இல்ல.

செங்கோடன்கிட்ட போய் அறையைக் காலி பண்ணச் சொன்னா.

"அம்மா, அவர் வீட்டு உலக்கைச் சத்தத்துல என் சீப்புப் பல்லே நடுங்குது. அதை யார்கிட்ட சொல்றது?"

"அவர் வீட்டுக்காரர்டா."

"ஓ! வீட்டுக்காரர் உலக்கைக்குச் சத்தமே கிடையாதா? தெரியாமப் போச்சு"ன்னு சொல்லிட்டு, ரம்பத்தைத் துணியில சுத்திக்கிட்டு அவன் போயிட்டான்.

மறுநாளே மருதையப்பன் ஒரு கொத்தனை அனுப்பினார். "காலி அறை தங்கச்சி, மாடத்துல தேள் அடையும். என் செலவுலயே பூசித் தரேன்." பாருங்க, எவ்வளவு பாசம்! மாடத்துல கல்லு வச்சு, சாந்து பூசி, சுண்ணாம்பும் அடிச்சுட்டுப் போனான் கொத்தன். முதல் மாடம் போச்சு.

ரெண்டாவது அறை உண்ணாமுலையோடது. பணியாரம் சுட்டு விக்கறவ. ஒன்பது வருஷமா அங்க இருந்தா. இந்தத் தடவை மருதையப்பன் ஒரு சட்டி நெய்யோட வந்தார். "தங்கச்சி, அந்தப் புகையில என் கண்ணே அவிஞ்சுடும் போல இருக்கு. நாம வீட்டுக்காரங்க..."

உண்ணாமுலை செங்கோடன் மாதிரி சும்மா போகல. "ஒன்பது வருஷம் அவியாத கண்ணு இப்போ ஏன் அவியுது? நான் சபையில கேக்கறேன்"னு நேரா ஊர்ச்சபைக்கே போயிட்டா.

சபைன்னா, வீடு வச்சிருக்கற ஏழு பேர். மருதையப்பனும் அதுல ஒருத்தர். அவங்க முன்னாடி அவ இடுப்புல கை வச்சுக்கிட்டு நின்னா. "நான் பாக்கி வச்சேனா? அடுப்பை அணைக்காம விட்டேனா? பேட்டையில பாதிப் பேரு காலையில என் பணியாரத்தைத் தின்னுட்டுத்தான் வேலைக்குப் போறான். சபைத் தலைவரே, நீங்க நேத்து எத்தனை தின்னீங்க?"

ஜனம் சிரிச்சுது. தலைவர் மீசையைத் துடைச்சுக்கிட்டார்.

மருதையப்பன் சிரிக்கல. மெதுவா எழுந்தார். "இன்னைக்கு வருவா, நாளைக்குப் போவா. இவ பேச்சுக்கு வேர் ஏது? ஒரு விதி வைப்போம். வீடு இல்லாதவங்க வார்த்தை இனிமே வீட்டு வழக்குல செல்லாது. சாட்சியும் செல்லாது." ஆறு பேரும் தலையாட்டினாங்க.

தலைவர் திரும்பிப் பார்த்தார். "பவளாயி, நீயும் வீட்டுக்காரி. உனக்குச் சம்மதமா?"

எல்லாருக்கும் முன்னாடி அவளை ஒருத்தர் சம்மதம் கேக்கறது அதான் முதல் தடவை. பவளாயி முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டா. முதுகை நிமித்திக்கிட்டா. உண்ணாமுலை பக்கம் திரும்பவே இல்ல.

"சம்மதம்"னா.

யாரும் அவளைப் பிடிச்சுத் தள்ளல பெரியவரே. யாரும் மிரட்டல. இதை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க.

உண்ணாமுலை சட்டியைத் தலையில வச்சுக்கிட்டுப் போனா. கொத்தன் வந்தான், பூசினான். ரெண்டாவது மாடமும் போச்சு.

மூணாவது அறையில உப்பு விக்கற இருளப்பன். அவன்கிட்ட ரெண்டு கழுதை. இப்போ மருதையப்பனுக்கு மூக்கு. காதுல ஆரம்பிச்சு, கண்ணுக்கு வந்து, மூக்குல நின்னார் மனுஷன். வெறுங்கையோடதான் வந்தார். இனிமே பழம் எதுக்கு, நெய் எதுக்கு? "தங்கச்சி, நாத்தம்"னு ஒரு வார்த்தைதான்.

இருளப்பன் மூட்டையைக் கழுதை மேல ஏத்தினான். கிளம்பறதுக்கு முன்னாடி நின்னு திரும்பினான். "அம்மா, நான் போறேன். என் கழுதையைவிட அவர் மிளகுதான் தும்மல் வரவைக்கும், அது கிடக்கட்டும். இந்த மாடத்தை மட்டும் பூச விடாதீங்க. மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா?"

பவளாயி அந்த மாடத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தா. தெரியும். அவளுக்கும் தெரியும்தான். ஆனா, ஒரு உப்புக்காரன் சொல்லியா அது ஞாபகம் வரணும்?

"குடியிருக்க வந்தவனுக்குச் செவுத்துப் பேச்சு எதுக்கு? அவர் எனக்கு அண்ணன் மாதிரி"னா.

மூணாவது மாடமும் போச்சு.

அதுக்கப்புறம் அண்ணன் வரல. மூணு மாசம் கழிச்சு ஒரு ஆள்தான் வந்தான். "செவுரு ஐயாவோடது. உங்க உத்தரத்தை எடுத்துக்கணுமாம்."

பவளாயி பதறிப்போய் அடுத்த வீட்டுக்கு ஓடினா. உள்ள போய்ப் பார்த்தா, அவர் பக்கம் வரிசையா மூணு மாடம். சுண்ணாம்பு வாசனைகூட இன்னும் போகல. அது ஒவ்வொண்ணுலயும் ஒரு விளக்கு.

"அண்ணா, இது என்ன?"

"ஏம்மா, கண்ணு தெரியலயா? மாடம்."

தங்கச்சி போய் ஏம்மா வந்துடுச்சு. "நாம"வும் அதோட போச்சு.

உத்தரத்தை எடுத்தா கூரை இல்ல. கூரை இல்லேன்னா அறை இல்ல. அறை இல்லேன்னா கஞ்சி இல்ல. பவளாயி சபைக்குப் போனா. தலைவர் சொன்னார்: "வழக்காடற நீயே உனக்குச் சாட்சி ஆக முடியாது. உன் பக்கம் மாடம் இருந்துச்சுன்னு பார்த்தவங்க யாராவது வந்து சொல்லட்டும்."

தெருவுல இருந்த வீட்டுக்காரங்க ஒவ்வொருத்தரா கேட்டா. ஒருத்தரும் பார்த்ததில்ல. வாடகை அறைக்குள்ள வீட்டுக்காரங்க எதுக்குக் கால் வைக்கப் போறாங்க? பூசின கொத்தன் பார்த்திருக்கான். அவன் மருதையப்பன் சோத்துல கை நனைக்கறவன். மிச்சம் பார்த்தவங்க மூணே மூணு பேர்.

வெக்கத்தை விழுங்கிட்டு மூணு பேர்கிட்டயும் போனா. "வரமாட்டேன்"னு சொல்வாங்கன்னுதான் நினைச்சா. நானா இருந்தா வந்திருக்க மாட்டேன். ஆனா, அவங்க வந்தாங்க.

செங்கோடன் ரம்பத்தைக் கீழ வச்சுட்டு வந்தான். இருளப்பன் கழுதையைக் கட்டிப் போட்டுட்டு வந்தான். உண்ணாமுலை அடுப்புலேர்ந்து அப்படியே எழுந்து வந்தா, கையில இரும்புக் கரண்டியோட. "உன் மூஞ்சிக்காக வரல பவளாயி. ஒன்பது வருஷம் நான் விளக்கேத்தின மாடம் அது. அதுக்காக வரேன்"னா.

செங்கோடன் சபையில வாயைத் திறந்தான். "உனக்கு வீடு இருக்கா?"ன்னு கேட்டார் மருதையப்பன். இல்ல. உக்காரு.

இருளப்பன் வாயைத் திறந்தான். வீடு இருக்கா? இல்ல. உக்காரு.

உண்ணாமுலை வாயைத் திறக்கவே இல்ல. விறுவிறுன்னு நடந்தா. பவளாயி வீட்டுப் பின்பக்கம், ரெண்டாவது அறை. சபை மொத்தமும் பின்னாடியே ஓடி வந்து வாசப்படியில நின்னுச்சு. கரண்டியைத் திருப்பிப் பிடிச்சுச் செவுத்தைச் சுரண்டினா. சுண்ணாம்பு விழுந்துச்சு. சாந்து விழுந்துச்சு. ஒரு கல்லு கழண்டு அவ கால்கிட்ட விழுந்துச்சு. உள்ள மாடம். ஒன்பது வருஷத்து விளக்குக் கரி, எண்ணெய் மினுமினுக்க அப்படியே இருந்துச்சு. உள்ளங்கையை வச்சு அழுத்தித் தேய்ச்சா. ஏழு பேர் மூஞ்சிக்கு முன்னாடியும் அந்தக் கையை நீட்டினா.

"வாய்தானே செல்லாது? கை செல்லுமா?"

கன்னங்கரேல்னு இருந்துச்சு கை. ஏழு பேரும் தரையைப் பார்த்தாங்க.

கடைசியில தலைவர் தொண்டையைச் செருமிக்கிட்டார். "வீடு இல்லாதவ காட்டறதைச் சபை பார்க்கறதுக்கு விதி இல்ல. அந்த விதிக்குப் பவளாயியும் சம்மதம் சொல்லியிருக்கா. செவுரு மருதையப்பனுக்கு."

பவளாயி தடதடன்னு முன்னால வந்தா. "ஐயா, நான் ஒரு வார்த்தை..."

தலைவர் கையை உயர்த்தினார். மேல உத்தரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இனிமே உனக்கு ஏதும்மா வீடு? உக்காரு."

அவ உக்காந்தா. செங்கோடனுக்கும் இருளப்பனுக்கும் பக்கத்துல, தரையில.

மறுநாள் உத்தரம் இறங்குச்சு. கூரை இறங்குச்சு. கூரை போன இடத்தை மருதையப்பன் அடிமாட்டு விலைக்கு வாங்கிட்டார், அறை இருந்த இடத்துல மிளகு மூட்டை ஏறுச்சு.

குழந்தைங்களா, இதான் நீதி: பக்கத்து வீட்டுக்காரன் மெச்சணும்னு தன் வீட்டுல குடியிருக்கறவங்க வாயை அடைக்கறவ, தனக்காகப் பேசப் போற வாயைத்தான் அடைக்கிறா.

இப்போ நீங்க வாங்க பெரியவரே. ஏன் குனியறீங்க? செவுத்தைச் சுரண்டினது தப்புன்னு இவ்வளவு நேரம் சத்தம் போட்டீங்கள்ல? எழுந்து நில்லுங்க. இத்தனை பேரும் கேக்கற மாதிரி, ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க: அந்தக் கையில கரி இருந்துச்சா, இல்லையா?