உப்பில்லாமல் வைத்த கீரை

மிட்டாதார் வைத்ததுதான் சட்டம் என்றிருந்த கடலோர ஊர் அது. அங்கே கழிச்சேற்றில் கரை அணைத்து, அலை அரித்ததை மறுபடி நட்டு, உமரிக்கீரை வளர்த்துப் பிழைத்தவள் சேர்மக்கனி.

அந்த நிலம் யாருக்கு என்று விசாரிக்க வந்த தாசில்தாரிடம் மிட்டாதார், "போன வருஷம் நான் நெல்லு அறுத்த வயல் இது. இவளைக் கிளப்புங்க" என்றார்.

"இது வயல் இல்லை, கடல்தண்ணி ஏறுற நிலம்னு நீ சொல்றதுக்குச் சாட்சி யாரு?" என்று தாசில்தார் அவளைக் கேட்டார். ஊரார் தலைகுனிந்து நின்றார்கள்.

"சாட்சி வரும், ஐயா. முதல்ல சாப்பிடுங்க" என்று இருவருக்கும் இலை போட்டாள்.

கீரையை வாயில் வைத்ததும் மிட்டாதார் முகம் சுளித்தார். "உப்பை அள்ளிக் கொட்டியிருக்கியே."

"ஒரு கல் உப்புக்கூடப் போடலை, சாமி. உங்க வயல்ல இப்பத்தான் பறிச்சேன். மண்ணுல இருக்கிறது கீரையில ஏறியிருக்கு."

தாசில்தாரும் ஒரு வாய் தின்றுவிட்டு மிட்டாதாரைப் பார்த்துக் கேட்டார்.

"இந்த மண்ணுல நீங்க என்ன நெல்லு அறுத்தீங்க?"