ஊறுகாய்ப் பரண்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், வேங்கைநாட்டைக் குலசேனன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் ஒன்றின்மேல் ஆசை வந்துவிட்டால் பிடித்த பிடியை விடமாட்டார். அந்த வருஷம் அவருக்கு ஊறுகாய்மேல் ஆசை வந்தது. மாவடு, நார்த்தை, களாக்காய் என்று ஊர் ஊராகப் பெரிய பெரிய ஜாடிகள் வந்து இறங்கின. அரண்மனைச் சமையற்கட்டின் பரண் நிரம்பி வழிந்தது.

"இன்னும் வண்டி வண்டியாக வருகிறதே, எங்கே வைப்பது?" என்று சபையில் கேட்டார் ராஜா.

பண்டகசாலை அதிகாரி அழகேசர் முந்திக்கொண்டு எழுந்தார். மந்திரி கூத்தபிரானை எப்படியாவது மட்டம் தட்டவேண்டும் என்பது அவருக்குப் பல நாள் ஆசை.

"மகாராஜா, பரணில் இடத்துக்குப் பஞ்சமில்லை. நடுவிலே சும்மா நிற்கிற முட்டுமரங்கள்தான் இடத்தை அடைக்கின்றன. எடுத்துவிட்டால் இன்னொரு பங்கு ஜாடி வைக்கலாம்."

"அவை சும்மா நிற்கவில்லை அரசே, கூரையைத் தாங்கி நிற்கின்றன" என்றார் மந்திரி.

"சுவர் எதற்கு இருக்கிறது? மந்திரியாருக்குத் தும்மினால்கூட வீடு விழுந்துவிடும் என்று பயம்!" என்றார் அழகேசர்.

சபை சிரித்தது. ராஜாவும் வயிறு குலுங்கச் சிரித்தார். அன்று மாலையே பாதி மரங்களை எடுத்துவிட்டார்கள். கூரை விழவில்லை. "என்ன மந்திரி, வானம் இடிந்துவிட்டதா?" என்று ராஜா கேட்க, மறுபடி சிரிப்பு. மந்திரி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் மனசு கேட்காமல் சமையற்கட்டுக்கு வந்தார். தலைமைச் சமையற்காரி மருதாயி கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"நேத்திலேருந்து கதவு சாத்தவே மாட்டேங்குது சாமி. சோத்துல வேற மண்ணு கொட்டுது."

மந்திரி அண்ணாந்து பார்த்தார். கூரை நடுவில் தொய்ந்து, சுவரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. எல்லாரையும் உடனே முற்றத்துக்குப் போகச் சொன்னார். நேரே சபைக்குப் போனார்.

"அரசே, நான் தோற்றேன். அழகேசருக்கு மரியாதை செய்யவேண்டும். மீதி மரங்களை எடுக்கும்போது பரணுக்கு நேர் கீழே அவரை உட்காரவைத்து விருந்து படைப்போம். நாமெல்லாம் முற்றத்திலிருந்து பார்த்து மகிழலாம்."

"பலே! இப்போதே ஆகட்டும்" என்றார் ராஜா.

எல்லாரும் முற்றத்தில் கூடினார்கள். வேறு யாரையும் உள்ளே விடாமல் மந்திரி தாமே பரணுக்குக் கீழே பட்டு விரித்துத் தலைவாழை இலை போட்டார். அழகேசர் வாசற்படியிலேயே நின்றார்.

"எனக்கு இன்று விரதம், மகாராஜா."

"சரி, பழம் சாப்பிடும்."

"தெற்குப் பார்த்து உட்காரக்கூடாதே..."

"வடக்குப் பார்த்து உட்காருமய்யா!"

"தூசி ஆகாது, இருமல் வரும்..."

"யோவ், உட்காருகிறீரா, உட்காரவைக்கட்டுமா?" என்று ராஜா அதட்ட, அழகேசர் தடாலென்று காலில் விழுந்தார். "மன்னியுங்கள் மகாராஜா! கூரை இறங்கிவிட்டது. நேற்று சாயங்காலமே பார்த்தேன். சொன்னால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டேன்."

முற்றமே கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரித்தார். அப்போதுதான் மருதாயி குரல் கேட்டது. அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. புரியாமல்தான் கேட்டாள்.

"நேத்து ராத்திரி புள்ளைங்களோட நாங்க இதுக்குக் கீழதானே படுத்திருந்தோம்? யாரும் ஒண்ணும் சொல்லலையே?"

சிரிப்பு அப்படியே அறுந்தது. ராஜாவின் முகம் சுண்டிப்போனது. பரணுக்குக் கீழே மனுஷர் படுப்பார்கள் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. அழகேசர் தரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ராஜா மெல்லத் தன் மோதிரத்தைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினார். "என்னை முட்டாளாகாமல் காத்தீர்."

மந்திரி கையை நீட்டவில்லை. "வேண்டாம் அரசே. நேற்று நீங்கள் சிரித்தீர்கள் என்று ரோஷப்பட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். அந்த நேரத்தில் இவர்கள் இங்கே படுத்திருந்தார்கள். எனக்கு என்ன பரிசு?"

தச்சர்கள் கூரைக்கு அவசரமாகத் தற்காலிக முட்டுக் கொடுத்தார்கள். அது உறுதியானதும் ராஜா மேலாடையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். ஒவ்வொரு ஜாடியாக எடுத்துக் கொடுக்க, கீழே நின்று அழகேசர் வாங்கினார். மந்திரி முற்றத்துக்குச் சுமந்தார். எண்ணெய் வழிந்து மூவர் கையும் பிசுபிசுத்தது.

கடைசி ஜாடியைத் தோளில் வைத்துக்கொண்டு ராஜா இறங்கினார். மருதாயி ஓடிவந்து ஏணியைப் பிடித்தாள்.

"பாத்து சாமி, மெதுவா. படி வழுக்கும்."

ராஜா இறங்கி முடித்தார். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க மட்டும் அவரால் முடியவில்லை.